உப்பு வேண்டாமென்ற சகலை

மந்திரமூர்த்தி அண்ணாச்சிக்கு இருந்த வயிற்றெரிச்சல் மாத்திரை வாங்கித் தீர்க்கிற வகை இல்லை. முள்ளக்காட்டு உப்பளத்தின் கிழக்கு வரப்பில் ஏறினால்தான் அது வரும். வரும் என்று தெரிந்தும் மனுசர் தினம் காலையில் பைக்கை நிறுத்திவிட்டு அந்த வரப்பில்தான் ஏறுவார். சொறி பிடித்தவன் கை சும்மா இருக்குமா?

வரப்புக்கு இந்தப் பக்கம் அவருடைய பாத்திகள். அந்தப் பக்கம் அவருடைய சகலை லிங்கராஜின் சேறு. அக்காளைக் கட்டியவர் இவர், தங்கச்சியைக் கட்டியவன் அவன். ஓடைத் தண்ணியும் கடல் தண்ணியும் மாறி மாறி ஏறி இறங்கி, கால் வைத்தால் முழங்கால் வரைக்கும் உள்ளே வாங்குகிற கறுப்புச் சேறு அது. நண்டு பிடிக்கிறவனைத் தவிர யாரும் அந்தப் பக்கம் போனதில்லை. இப்போது அங்கே வரிசை வரிசையாக அலையாத்திக் கன்றுகள் முழ உயரத்துக்கு நின்றன. சென்னையிலிருந்து வந்த கம்பெனிப் பிள்ளைகள் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு ஒவ்வொரு கன்றிலும் சின்னத் தகடு கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஏளா இசக்கி, என்ன நடக்கு அங்கன?" என்று அவர் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த இசக்கிச்செல்வியிடம் கேட்டார். தெரியாமல் கேட்கவில்லை. அடுத்தவர் வாயால் கேட்டால் இன்னும் கொஞ்சம் எரியும், அதற்குத்தான்.

"காத்து விக்காகளாம் அண்ணாச்சி," என்றாள் அவள், பலகையை நிறுத்தாமல். "செடி காத்துல உள்ள கரியை இழுத்து சேத்துக்குள்ள புதைச்சிருமாம். எம்புட்டுப் புதைஞ்சிருக்குன்னு அளந்து, புகை விடுத பெரிய கம்பெனிக்காரனுவளுக்கு வித்திருவாகளாம். கார்பனு கார்பனுங்காக. உங்க சகலைக்கு வருசா வருசம் பங்கு உண்டாம். முப்பது வருசத்துக்கு."

"முப்பது வருசத்துக்கா!"

"நாம வெயில்ல வெந்து உப்பு வாருதோம், கால் புண்ணானதுதான் மிச்சம். சேத்துக்கு வந்த யோகத்தைப் பாத்தியளா?"

அண்ணாச்சி பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். கச்சான் காற்று மேற்கிலிருந்து மண்ணை வாரி அவர் முதுகில் அடித்தது.

எரிச்சலுக்குக் காரணம் வெறும் பணம் இல்லை. அந்தச் சேற்றை லிங்கராஜ் தலையில் கட்டியதே இவர்தான். மாமனாருக்கு ஆண்பிள்ளை கிடையாது. ரெண்டு பெண்கள், பிரேமாவும் உமாராணியும். அவர் போன பிறகு நிலத்தைப் பிரித்தார்கள். மூத்தவன் பங்கு வைக்க வேண்டும், இளையவன் முதலில் எடுக்க வேண்டும் என்பது அந்தப் பக்கத்து முறை. வைக்கிறவன் கோணல் பண்ணிவிடக்கூடாது என்று பெரியவர்கள் யோசித்து வைத்த முறை. மந்திரமூர்த்தியோ, "கொள்ளி வச்சவன் நான். நானே வைக்கேன், நானே எடுக்கேன்," என்று விளைகிற பாத்தியெல்லாம் எடுத்துக்கொண்டார். லிங்கராஜ் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. "சரி அண்ணாச்சி," என்றான். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்து, பழையபடி அடுத்தவர் உப்பளத்தில் பாத்தி மிதித்துக்கொண்டிருந்தான். அந்த 'சரி'தான் இப்போது நெஞ்சுக்குள் முள்ளாய்க் குத்தியது.

எடுத்த பாத்தியையாவது ஒழுங்காக வைத்திருந்தாரா? பாதியை விற்று, ஒரு டாக்டரோடு கூட்டுச் சேர்ந்து, பாளையங்கோட்டை ரோட்டில் டயாலிசிஸ் சென்டர் திறந்தார். கிட்னி போனவர்களுக்கு ரத்தம் சுத்தம் பண்ணும் இடம். ஆறு மெஷின், ஆறு சாய்வு நாற்காலி, ஏசி. அரசாங்கக் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர் வந்தால் ஒவ்வொரு முறைக்கும் அரசாங்கமே பணம் கட்டும். "உப்புன்னா மழை பெஞ்சா கரைஞ்சிரும். இது கரையாத உப்பு," என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். ரெண்டு வருசம் நாற்காலி காலியில்லை.

பிறகு ஒரு உத்தரவு வந்தது. தாலுகா ஆஸ்பத்திரிகளில் அரசாங்கமே மெஷின் போடும். அட்டைக்காரர்கள் முதலில் அங்கேதான் போக வேண்டும். அங்கே இடமில்லை என்று கடிதம் கொடுத்தால்தான் தனியாருக்கு வரலாம். ஸ்ரீவைகுண்டத்தில் புதுசாக எட்டு மெஷின் வந்தது. யார் அங்கே இடமில்லை என்று கடிதம் கொடுப்பது?

கடைசியாகப் போனது ஆழ்வார்திருநகரி செல்லக்கனி. போகும்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணாச்சி, வாரத்துக்கு மூணு நாளு ரெண்டு பஸ் மாறி வந்து சீரழிஞ்சேன். இனி பக்கத்துலேயே ஆச்சு. அரசாங்கம் நல்லா இருக்கணும், நீங்களும் நல்லா இருக்கணும்."

"நல்லதுதான் தாயி," என்றார் மந்திரமூர்த்தி. நல்லதுதான். அதுதானே கொடுமை! திட்டுவதற்குக்கூட வழியில்லாத நட்டம் அது.

அதற்கப்புறம் நாற்பது நாளாக ஒரு ஆள் வரவில்லை. ஆள் வராவிட்டாலும் மெஷினைத் தினம் ஓட்டிக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் கெட்டுவிடும். சென்டரைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் பிளாரன்ஸ் ஆறு மெஷினையும் ஓட்டுவாள். அதுகள் ஆளில்லாத நாற்காலிகளுக்குப் பக்கத்தில் நின்று முனகும். அண்ணாச்சி தினம் காலையில் வந்து முருகன் படத்துக்கு ஊதுபத்தி ஏற்றி, கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் நிற்பார்.

பிளாரன்ஸ் கடற்கரைத் தெருக்காரி, வாய் நீளம். ஒருநாள் கேட்டேவிட்டாள். "அண்ணாச்சி, தப்பா எடுத்துக்கிடாதிய. அப்படி என்னதான் வேண்டுதிய? ஊருல நாலு பேருக்குக் கிட்னி போகணும்னா?"

"ஏளா, வாயைக் கழுவு!"

"பின்ன? ஆளு வரணும்னு வேண்டுனா அதுக்கு அதான அர்த்தம்?"

அவர் ஊதுபத்திச் சாம்பலைத் துடைத்துவிட்டு வெளியே போனார். மறுநாளும் வந்து வேண்டினார்.

இப்படி வெந்துகொண்டிருக்கும்போதுதான் ஆடி மாசத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் லிங்கராஜும் உமாராணியும் வீட்டுக்கு வந்தார்கள். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். பிரேமா தங்கச்சியைக் கண்ட சந்தோசத்தில் சாளை மீன் குழம்பு, நெத்திலிப் பொரியல், மாங்காய் ஊறுகாய் என்று அடுப்படியை அமர்க்களப்படுத்திவிட்டாள்.

மந்திரமூர்த்தி சகலையை மேலும் கீழும் அளந்தார். முகம் உப்பிக் கிடந்தது. கன்னமெல்லாம் பூரித்து, கண்ணுக்குக் கீழே சதை போட்டிருந்தது. பாதம் செருப்புக்குள் அடங்கவில்லை. அந்த வெக்கையிலும் ஆபீசர் மாதிரி முழுக்கைச் சட்டை வேறு.

"ஒரு சுத்துப் பெருத்திட்டீரே சகலை," என்றார். "உக்காந்து திங்க காசு வரப்போகுதுல்லா."

லிங்கராஜ் சிரித்தான். "அப்படியெல்லாம் இல்ல அண்ணாச்சி."

"அடிக்கடி திருநெல்வேலி போறீராமே. ஆபீசு வேலையோ?"

"ஆமா... ஒரு சோலி." அவன் உமாராணியைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். புருசனும் பொண்டாட்டியும் காசை எங்கே போடலாம் என்று கண்ணாலேயே பேசிக்கொள்கிறார்கள் என்று இவர் நினைத்தார்.

இலை போட்டார்கள். அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. இலையில் முதலில் விழுவது உப்பு. கடையில் வாங்கிய உப்பு இல்லை, சொந்தப் பாத்தியில் வாரிய கல் உப்பு. வீட்டுக்காரர் தன் கையாலேயே இலை ஓரத்தில் நாலு கல் வைப்பார். உப்பளத்துக்காரர்களுக்கு அதுதான் வெத்திலை பாக்கு, அதுதான் சந்தனம் குங்குமம். மந்திரமூர்த்தி, எரிச்சலோடுதான் என்றாலும், முறை தவறாமல் வைக்கப் போனார்.

லிங்கராஜ் கையை இலைக்கு மேலே நீட்டி மறித்தான். "உப்பு வேண்டாம் அண்ணாச்சி."

"என்னது?"

"வேண்டாம். குழம்பும் வேண்டாம் மதினி. வெறுஞ்சோறும் கொஞ்சம் நெய்யும் போதும்."

பிரேமாவின் கரண்டி அந்தரத்தில் நின்றது. "எனக்குன்னு சாளைக் குழம்பு வைங்கன்னு கேப்பிய கொழுந்தனாரே! என்ன ஆச்சு?"

"அவுகளுக்கு இப்ப நாக்குக்குப் பிடிக்கல அக்கா," என்றாள் உமாராணி. குரல் சரியில்லை.

லிங்கராஜ் வெறுஞ்சோற்றைப் பிசைந்து தின்றான். தண்ணீர்கூட ஒரு மடக்குத்தான். மந்திரமூர்த்தி மனசுக்குள் கணக்குப் போட்டார். உப்பைத் தின்றால் உப்பு போட்டவனை மறக்கக்கூடாது. அதனால்தான் தின்னாமல் விடுகிறான். நாளைக்குப் பணக்காரனாகும்போது, 'உன் உப்பை நான் தின்னவில்லை' என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல இன்றைக்கே தயார் பண்ணுகிறான். எம்புட்டு ஆங்காரம்!

கை கழுவிய பிறகு லிங்கராஜ் கவரிலிருந்து காகிதத்தை எடுத்தான். "உங்க கையெழுத்து ஒண்ணு வேணும் அண்ணாச்சி. பக்கத்து நிலத்துக்காரர் சம்மதம். கிழக்கு மடை வழியா உப்புக் கழுவுத தண்ணியைக் கன்றுப் பக்கம் விடமாட்டேன்னு. நீங்க இப்பவும் மேற்கு வாய்க்கால்லதான விடுதிய. பேருக்குத்தான் இது."

"பேருக்கா? முப்பது வருசத்துக்கு என் மடையை நான் தொடக்கூடாதுன்னு எழுதியிருக்கு."

"ஆமா. அவுங்க விதி அது."

"எப்பக்குள்ள வேணும்?"

"முப்பத்தொண்ணாம் தேதி சாயந்தரம் அஞ்சு மணிக்குள்ள. அன்னைக்கோட பழைய விதி முடியுதாம். அதுக்கப்புறம்னா புது விதி. காட்டு இலாகா அளக்கணும், கடற்கரை இலாகா அளக்கணும், ரெண்டு மூணு வருசம் இழுத்திருமாம். இந்தத் தேதியை விட்டா..." அவன் முடிக்கவில்லை. "உமாவுக்கு ஒரு வழியாகும் அண்ணாச்சி."

"உமாவுக்கா? உமக்கில்லையா?"

"எனக்குந்தான்."

"வச்சிட்டுப் போரும். வாசிச்சுப் பாத்துச் சொல்லுதேன்."

"அத்தான்," என்று உமாராணி என்னவோ சொல்ல வாயைத் திறந்தாள். லிங்கராஜ் அவள் கையைத் தொட்டான். அவள் மூடிக்கொண்டாள்.

அவர்கள் தெருமுனை திரும்புவதற்குள் பிரேமா பிடித்துக்கொண்டாள். "ஒரு கையெழுத்துதான? போட்டுக் கொடுத்தா குறைஞ்சா போவிய?"

"நம்ம உப்பைத் தொடமாட்டேங்கான், கையெழுத்து மட்டும் வேணுமோ?"

"அந்த மனுசன் முகத்தைப் பாத்தியளா? எனக்கென்னமோ சரியாப் படல."

"நானும் பாத்தேன். கொழுப்பு."

"உங்க வயித்தெரிச்சல்தான் பேசுது. பங்கு வைக்கையில அவரு உங்கள மாதிரி கணக்குப் பாத்திருந்தா, இன்னைக்கு அந்தச் சேத்துல நீங்கல்லா நின்னிருப்பிய!"

அது நிஜம். நிஜமாக இருந்ததால் அன்றைக்கு ராத்திரிச் சோறு வேண்டாம் என்றுவிட்டார்.

காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். சட்டை மாற்றும்போதெல்லாம் அதையும் மாற்றி வைத்தார். ஏன் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகவில்லை என்று அவரைக் கேட்டால் அவருக்கே தெரியாது. லிங்கராஜ் ரெண்டு தடவை போன் பண்ணினான். "இன்னும் வாசிக்கல," என்றார். மூன்றாம் தடவை எடுக்கவில்லை. மெனக்கெட்டு ஆளைக் கெடுக்கிற குணம் அவருக்குக் கிடையாது. கடன் வாங்காதவர், குடிக்காதவர், இசக்கிச்செல்வி மகள் படிப்புக்குக் கேட்காமலே கொடுத்தவர். லிங்கராஜ் விழ வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. தனக்கு மேலே ஏறக்கூடாது, அவ்வளவுதான். ரெண்டு பேரும் ஒரே மட்டத்தில் கிடந்தால் அவருக்குச் சம்மதம்.

முப்பத்தொண்ணாம் தேதி மத்தியானம் செல்போனை அணைத்துவிட்டு உப்பளத்து மோட்டார்க் கொட்டகையில் போய் உட்கார்ந்துகொண்டார். உமாராணி பதினோரு மணியிலிருந்து வீட்டில் வந்து காத்திருக்கிறாள் என்று பிரேமா இசக்கிச்செல்வியின் போனுக்குக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"அண்ணாச்சி இங்கன இல்லன்னு சொல்லிரு," என்றார்.

இசக்கிச்செல்வி அவரை ஒரு பார்வை பார்த்தாள். "இல்லையாம் மதினி," என்று போனில் சொல்லிவிட்டு உப்பு வாரப் போய்விட்டாள்.

கச்சான் அள்ளி அடித்தது. பாத்தித் தண்ணியில் உப்பு பூத்து வெள்ளை ஏடாகக் கட்டியிருந்தது. நாலரை. நாலே முக்கால். பையில் காகிதம் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இப்போது கிளம்பினாலும் பத்து நிமிசத்தில் வீட்டுக்குப் போய்விடலாம். எழுந்தார். வரப்பில் ஏறினார். எதிரே சேற்றில் கன்றுகள் அத்தனையும் ஒரு சேர ஆடிக்கொண்டிருந்தன. ஒன்றுகூடப் பட்டுப்போகவில்லை. திரும்ப வந்து உட்கார்ந்துவிட்டார்.

ஐந்து மணி கடந்தது. மாசக்கணக்கில் எரிந்த வயிறு அன்றைக்குத்தான் குளிர்ந்தது. வீட்டுக்குப் போனபோது உமாராணி போயிருந்தாள். பிரேமா தட்டை வைத்து, சோற்றைப் போட்டுவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் பிளாரன்ஸ் போன் பண்ணினாள். "அண்ணாச்சி! உங்க முருகன் கண்ணைத் திறந்துட்டாரு. பேஷண்ட் வந்திருக்கு. அட்டை இல்லாம, காசு கட்டி. டாக்டர் பாத்துட்டாரு. சீக்கிரம் வாங்க."

மந்திரமூர்த்திக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நேற்று அது, இன்றைக்கு இது! சனி விலகிவிட்டது. போகிற வழியில் பேக்கரியில் நிறுத்தி அரைக் கிலோ மக்ரூன் வாங்கினார். வருகிற மனுசனுக்கும் பிளாரன்ஸுக்கும் இனிப்புக் கொடுக்க வேண்டாமா?

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தார். மூன்றாவது நாற்காலியில் லிங்கராஜ் சாய்ந்திருந்தான். முழுக்கைச் சட்டையின் இடது கை தோள் வரைக்கும் சுருட்டப்பட்டிருந்தது. முழங்கைக்குக் கீழே அறுவை பண்ணிய தழும்பு. நரம்பு விரல் தடிமனுக்குப் புடைத்துக் கிடந்தது. பிளாரன்ஸ் அந்த இடத்தைப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க அண்ணாச்சி," என்றான்.

மந்திரமூர்த்தி அந்தத் தழும்பையும் அவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "நீரா... நீரு எப்படி?"

"ஆறு மாசமாச்சு. திருநெல்வேலியிலதான் பாத்தோம். கையில ஆபரேசனும் அங்கனதான். போன வாரம் ரெண்டு தடவை ரத்தம் சுத்தம் பண்ணியாச்சு. வெயில்ல தண்ணி குடிக்காமப் பாத்தி மிதிச்சேன்லா, அதுல போயிருக்கும்னு டாக்டர் சொல்லுதாரு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"யாருக்கும் சொல்லல. கிட்னி போனவன்கிட்ட முப்பது வருசத்துக்கு எவன் எழுதி வாங்குவான்? கையெழுத்து முடியட்டும், அக்கா வீட்டுல சொல்லிக்கிடலாம்னு உமா சொன்னா. அன்னைக்குச் சோத்துல உப்பைக் கண்டதும் பயந்துட்டேன். நாலு கல்லு கூடுனாலும் மூச்சு முட்டிருது."

மந்திரமூர்த்திக்கு ஒவ்வொரு நாளும் ஊதுபத்தியைப் பிடித்துக்கொண்டு நின்றது ஞாபகம் வந்தது. பிளாரன்ஸ் கேட்டதும் ஞாபகம் வந்தது. சட்டைப் பைக்குள் கை போயிற்று. மடித்த காகிதத்தை எடுத்தார். "இந்தா, இப்பவே போடுதேன். இப்பவே..."

"கெடு முடிஞ்சிட்டு அண்ணாச்சி. கம்பெனிப் பையன் நேத்து ஆறு மணிக்கே போன் பண்ணிட்டான். இனி புது விதிதானாம்."

"தெரிஞ்சுமா இங்கன வந்தீரு?"

"கோவம் இருக்கு. இல்லன்னு சொல்லமாட்டேன்." லிங்கராஜ் கண்ணை மூடிக்கொண்டான். "நேத்து உமா அழுத அழுகைக்கு உங்க மூஞ்சியில முழிக்கக்கூடாதுன்னுதான் இருந்தேன். வைகுண்டத்து ஆஸ்பத்திரி என் வீட்டுல இருந்து நாலு தெருதான். அட்டை இருக்கு, ஓசி. ஆனா சகலை கடை போணி ஆகாம நாப்பது நாளா கெடக்குன்னு மதினி உமாகிட்டச் சொல்லியிருக்காக. சொந்தக்காரன் கடை இருக்கையில ஊருப் பக்கம் மொத சரக்கை வேற கடையில வாங்குனா ஊரு என்ன சொல்லும்? எங்க அப்பா பலசரக்குக் கடைக்காரரு. கோவத்துல பேசாம இருக்குத அண்ணன் கடையிலதான் உப்பும் புளியும் வாங்குவாரு. இது ஒரு தடவைதான். அடுத்ததுக்கு நான் வைகுண்டம் போயிருவேன், எனக்குக் கட்டுபடியாகாது. போணின்னு வச்சிக்கிடுங்க."

பிளாரன்ஸ் ஒரு அட்டையில் காகிதத்தைச் செருகிக்கொண்டு வந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. "அண்ணாச்சி, கூட வந்தவங்க கையெழுத்து ஒண்ணு வேணும். இவுக வீட்டுலேருந்து யாரும் வரல. உங்க சகலைங்காகளே, நீங்களே போடுங்க."

"நான்..."

"போடுங்க அண்ணாச்சி. கையெழுத்து இல்லாம மெஷினை ஓட்டமாட்டேன்."

அவர் போட்டார். அத்தனை நாளும் தராத கையெழுத்து, கோணிக்கொண்டு விழுந்தது. உறவுமுறை என்று இருந்த இடத்தில் 'சகலை' என்று எழுதினார். பிளாரன்ஸ் ஊசியைச் செருகினாள். லிங்கராஜின் முகம் ஒரு தரம் சுண்டித் தெளிந்தது. ரத்தம் குழாயில் ஏறி, மெஷினைச் சுற்றி, திரும்ப அவன் கைக்கே வந்தது. மற்ற ஐந்து மெஷினும் சும்மா நின்றன.

"நாலு மணி நேரமாகும்," என்றாள் பிளாரன்ஸ். "நீங்க வேணா போயிட்டு வாங்க. அது என்ன பொட்டலம்? மக்ரூனா?"

அவர் பொட்டலத்தை முருகன் படத்துக்குக் கீழே வைத்துவிட்டு, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு சகலையின் பக்கத்தில் உட்கார்ந்தார். என்னென்னவோ சொல்ல வந்தது. உமாவுக்கு நான் இருக்கேன் என்று சொல்லலாம், அந்த வார்த்தையை எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? புது விதிக்கு நானே அலைந்து எழுதி வாங்கித் தருகிறேன் என்று சொல்லலாம். ரெண்டு மூணு வருசம் என்று அவன் சொன்னது காதில் நின்றது.

"லிங்கராஜு," என்றார்.

லிங்கராஜ் தூங்கிவிட்டான். வாய் லேசாகத் திறந்திருந்தது. உப்பிய முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. சேற்றை வாங்கிக்கொண்டு 'சரி அண்ணாச்சி' என்ற அன்றைக்கும் இப்படித்தான் போய்ப் படுத்துத் தூங்கியிருப்பான்.

மந்திரமூர்த்தி நாலு மணி நேரமும் அங்கேயே உட்கார்ந்திருந்தார். மாமனாரின் நிலத்தைப் பிரித்துக்கொண்ட நாளிலிருந்து தனக்கு அப்படி ஒரு தூக்கம் வந்ததில்லை என்பது நினைவுக்கு வந்தது. இனிமேல் வரப்போவதும் இல்லை. ஆறு நாற்காலிக்குச் சொந்தக்காரர், அதில் ஒன்றில் ஊசி குத்திக் கிடக்கிற மனுசனின் தூக்கத்தைப் பார்த்து, வெட்கங்கெட்டுப் பொறாமைப்பட்டார்.